இந்த, அந்த, உந்த



நேயர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். ஷார்ஜாவில் வளரும் அவருடைய மகள் தமிழ் வகுப்பில் 'உந்தப் புத்தகம்' என்று எழுத, ஆசிரியை அதை வெட்டி 'அந்தப் புத்தகம்' என்று திருத்தினாராம். அம்மம்மா பேசுகிற சொல் பிழையா என்று பிள்ளை கேட்கிறாளாம். நான் கணக்காளன், பண்டிதன் அல்ல. ஆனாலும் இதற்குப் பதில் சொல்லலாம்.

பிழை இல்லை. தொல்காப்பியம் சுட்டெழுத்து என்று சொல்வது அ, இ, உ மூன்றையும். நன்னூலும் அப்படியே. தமிழ்நாட்டுப் பேச்சில் 'உ' மறைந்துவிட்டது; அங்கத்தைய ஆறாம் வகுப்புப் பாடநூலும் இன்று அதைச் சுட்டாகப் பயன்படுத்துவதில்லை என்கிறது. ஆசிரியை அந்த வழியில் படித்தவராக இருக்கலாம். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் அது மறையவில்லை. உது, உவன், உவை, உப்பிடி, உங்கை எல்லாம் அந்தக் குடும்பம்தான்.

என் கையில் இருப்பது இந்தப் புத்தகம். உங்கள் கையில் இருப்பது உந்தப் புத்தகம். இருவருக்கும் எட்டாமல் அலுமாரியில் இருப்பது அந்தப் புத்தகம். இலக்கண விளக்கங்களில் 'உ' இடைப்பட்ட தூரம் என்றிருக்கும். எங்கள் பேச்சில் கேட்பவரின் பக்கம் என்பதே முக்கியம். அவர் சொன்ன பேச்சையும் அதே சொல்லால் பிடிப்போம்: "உது சரிவராது", "உந்தக் கதையை விடுங்கோ." கொஞ்சம் சலிப்பும் அதில் இருக்கும்.

சிங்களத்தில் 'ஒய' இதே வேலையைச் செய்கிறது. இங்கே பள்ளியில் அரபு படிக்கும் பிள்ளைகளுக்கு ஹாதா, தாலிக்க தெரியும். இரண்டுக்கும் நடுவில் 'தாக்க' என்று ஒன்றை அரபு இலக்கணகாரர் வைத்திருக்கிறார்கள். (என் அலுவலகத்தில் மதுரை நண்பர் ஒருவருக்கு 'உந்தப் பில்' என்றால் 'உன் பில்' என்றுதான் கேட்கும்!)

1983க்குப் பிறகு குடும்பங்கள் நாடு நாடாகச் சிதறியதும் இந்தச் சொல்லுக்கு வேலை கூடிவிட்டது. துபாயிலிருந்து ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சிக்கு ஃபோன் எடுத்தால், "இங்கை சரியான வெக்கை, உங்கை ஸ்நோவோ? அங்கை அம்மாவுக்குக் கால் நோ எப்பிடியாம்?" என்று கேட்கிறோம். மூன்று நாடும் மூன்று எழுத்தில் பிரிந்து நிற்கின்றன. 'உங்கை'யை எடுத்துவிட்டு 'அங்கை' போட்டால் கனடாவும் கிளிநொச்சியும் ஒன்றாகிவிடும். எந்த அங்கை என்று தங்கச்சி திருப்பிக் கேட்கவேண்டி வரும்.

எழுத்துத் தமிழில் 'அந்த' என்பதுதான் இன்று பொது வழக்கு. பரீட்சையில் பிள்ளை அப்படியே எழுதட்டும், புள்ளி குறையாது. அம்மம்மாவோடு கதைக்கும்போது 'உந்த' இருக்கட்டும். ஆசிரியையிடமும் ஒருமுறை மரியாதையாகப் பேசிப் பாருங்கள். தொல்காப்பியம் என்றால் அவரும் கேட்பார்.