இணைய வரைபடத்தில் தரவு வரிசைகளை ஒப்பிடுதல்: சிங்கப்பூர் இந்தியரின் இல்லமொழிக் கணக்கை முன்வைத்து

சிங்கப்பூரில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முடிவுகள் வெளியாகும்போதெல்லாம் தமிழாசிரியர்கள் முதலில் தேடும் எண் ஒன்றுண்டு. ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன இந்தியக் குடியிருப்பாளருள், வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் எத்தனை விழுக்காட்டினர் என்பதே அது. 1990, 2000 ஆகிய இரு கணக்கெடுப்புகளிலும் அவ்வெண் ஏறத்தாழ 43ஆக இருந்தது. 2010இல் 37ஆகவும் 2020இல் 28ஆகவும் அது குறைந்தது. இதே காலத்தில் ஆங்கிலத்தை மிகுதியாகப் பேசுவோர் 32, 36, 42, 59 என உயர்ந்தனர். இவ்விரு வரிசைகளையும் ஒரே வரைபடத்தில் இட்டால் கத்தரிக்கோல் விரிந்ததுபோல் ஒரு தோற்றம் எழும். கருத்தரங்குகளில் நாம் பலமுறை கண்டு பெருமூச்செறிந்த படம் அது. அப்படத்தை இணையத்தில் ஊடாட்ட வரைபடமாக அமைக்க முற்பட்டபோது நமக்குப் புலப்பட்ட சிலவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது.

தரவு வரிசைகளைக் கோடுகளாக்கி ஒப்பிடும் வழக்கம் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேற்பட்டது. 1786இல் வில்லியம் பிளேஃபேர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் இங்கிலாந்தின் ஏற்றுமதியையும் இறக்குமதியையும் இரு கோடுகளாக வரைந்து, இடையிலுள்ள பரப்பை வாணிக வேறுபாடாகக் காட்டினார். அச்சிட்ட தாளில் வரைந்தவர் தேர்ந்த அளவையும் அச்சையுமே வாசகர் ஏற்க வேண்டியிருந்தது. இணைய வரைபடத்தில் வாசகரே ஒரு கோட்டை மறைக்கலாம், அளவை மாற்றலாம், ஒரு புள்ளியின் மீது சுட்டியை வைத்து அதன் விவரத்தைக் காணலாம். இவ்வுரிமை பெரிது. ஆனால், வரைபவர் கவனம் குன்றினால் வாசகர் தம் கையாலேயே தம்மை ஏமாற்றிக்கொள்ளவும் இது வழி செய்யும்.

முதலாவது சிக்கல் காலத்தைக் குறிக்கும் கிடையச்சில் தோன்றியது. பத்தாண்டுக் கணக்கெடுப்புகளுக்கு இடையில் 2015ஆம் ஆண்டின் பொதுக் குடும்ப ஆய்வையும் சேர்க்க விரும்பினோம். அவ்வாய்வில் தமிழ் ஏறத்தாழ 38 விழுக்காடு, ஆங்கிலம் 44 விழுக்காடு. நாம் பயன்படுத்திய சார்ட்.ஜேஎஸ் என்னும் நிரல் தொகுப்பு, கோட்டு வரைபடத்தின் கிடையச்சை, வேறு கட்டளை தராவிட்டால், வெறும் பெயர்களின் வரிசையாகவே கொள்ளும். 2000க்கும் 2010க்கும் இடையே எவ்வளவு தொலைவோ, அவ்வளவே 2010க்கும் 2015க்கும் இடையே அமைந்துவிடும். பத்தாண்டு மாற்றமும் ஐந்தாண்டு மாற்றமும் ஒரே அகலத்தில் வரையப்பட்டால் கோட்டின் சாய்வுக்குப் பொருளே இல்லை. ஆண்டுகளை எண்களாகக் கொள்ளும் அச்சாக மாற்றிய பின்னரே இத்தவறு நீங்கியது. நமது முதல் வடிவத்தில் இதனைக் கவனிக்காமல் விட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2015ஆம் ஆண்டின் புள்ளியைக் கோட்டில் இணைக்கலாமா என்பது அதனினும் நுட்பமான வினா. பொதுக் குடும்ப ஆய்வு, கணக்கெடுப்புகளுக்கு இடைப்பட்ட காலத்தில் நடத்தப்படும் தனி ஆய்வு. கணக்கெடுப்பும் 2000 முதல் அரசுப் பதிவேடுகளை அடிப்படையாகக் கொண்டே நடைபெறுகின்றது. இல்லமொழி போன்ற வினாக்கள் மாதிரியாகத் தேர்ந்த குடும்பங்களிடம் மட்டுமே கேட்கப்படுகின்றன. எனவே எல்லாப் புள்ளிகளையும் ஒரே தன்மையனவாகக் காட்டுவது பொருந்தாது. 2015ஐ உள்ளீடற்ற வட்டமாக வரைந்து கோட்டிலிருந்து பிரித்து வைத்தோம். அவ்வாறு செய்யாவிடில், 2010 முதல் 2015 வரை தமிழ் சற்றே மீண்டது போலவும், அடுத்த ஐந்தாண்டில் சரேலென வீழ்ந்தது போலவும் ஒரு கதை தானாகவே உருவாகிவிடும்.

செங்குத்தச்சிலும் ஒரு பொறி உண்டு. வாசகர் ஆங்கிலக் கோட்டை மறைத்தவுடன், எஞ்சிய கோட்டுக்கு ஏற்ப நிரல் அச்சைத் தானே திருத்திக்கொள்ளும். 28க்கும் 43க்கும் இடைப்பட்ட மாற்றம் அப்போது திரை முழுவதையும் நிறைக்கும்; தமிழ் அடியோடு மறைந்தது போன்ற காட்சி தோன்றும். தரவு மாறவில்லை, சுட்டி ஒருமுறை அழுத்தப்பட்டது, அவ்வளவே. விழுக்காட்டு வரைபடத்தில் அச்சின் கீழெல்லையையும் மேலெல்லையையும் முன்கூட்டியே நிலைப்படுத்துவது நலம்.

இவையெல்லாம் வரைதலைச் சார்ந்தவை. நாம் பெரிதும் வலியுறுத்த விரும்புவது விழுக்காட்டின் பகுதியைப் பற்றியது. பின்னத்தில் மேலே நிற்பது தொகுதி, கீழே நிற்பது பகுதி எனப் பள்ளியில் கற்பிக்கிறோம். தமிழ் பேசுவோர் விழுக்காடு குறைவதற்குத் தொகுதி குறைந்திருக்கலாம். பகுதி வளர்ந்திருக்கவும் கூடும். 2000இல் சிங்கப்பூரின் இந்தியக் குடியிருப்பாளர், அதாவது குடிமக்களும் நிரந்தரவாசிகளும், ஏறத்தாழ 2,58,000 பேர். 2010இல் அவர்கள் 3,48,000 ஆயினர். பத்தாண்டில் மூன்றிலொரு பங்குக்கும் மேற்பட்ட வளர்ச்சி இது. குடியேறியோருள் இந்தி, மலையாளம், தெலுங்கு முதலிய மொழிகளைப் பேசுவோர் பலர் இருந்தனர். இந்தியருள் தமிழர் பங்கு 2000இல் 58 விழுக்காட்டளவிலிருந்து 2010இல் 54 விழுக்காட்டளவுக்கு இறங்கியது.

இந்நிலையில், விழுக்காட்டை மக்கள்தொகையால் பெருக்கி, 2000ஆம் ஆண்டை 100 எனக் கொண்டு குறியீட்டெண் கணித்தோம். வீட்டில் தமிழை மிகுதியாகப் பேசுவோரின் குறியீட்டெண் 2010இல் ஏறத்தாழ 115ஆக உயர்ந்தது. விழுக்காட்டுக் கோடு இறங்கிய அதே பத்தாண்டில் எண்ணிக்கைக் கோடு ஏறுகின்றது! மொழி விழுக்காடு ஐந்து வயதுக்கு மேற்பட்டோரைக் குறிப்பது, நாம் பெருக்கிய மக்கள்தொகையோ எல்லா வயதினரையும் உள்ளடக்கியது. ஆதலால் இது தோராயமே. எனினும் கோடு செல்லும் திசையை அறிய இது போதும்.

அடுத்த பத்தாண்டின் கதை வேறு. 2020இல் இந்தியக் குடியிருப்பாளர் ஏறத்தாழ 3,62,000 பேர். வளர்ச்சி நான்கு விழுக்காடு மட்டுமே. பகுதி பெரிதாக வளரவில்லை. ஆயினும் தமிழின் விழுக்காடு 37இலிருந்து 28க்கு இறங்கியது. குறியீட்டெண் 115இலிருந்து ஏறத்தாழ 91க்கு வந்தது. 2000இல் இருந்ததைக் காட்டிலும் குறைவு. விழுக்காட்டுக் கோட்டில் இவ்விரு பத்தாண்டுகளும் ஒரே சரிவின் இரு படிகளாகத் தோன்றுகின்றன. எண்ணிக்கைக் கோட்டிலோ அவை எதிரெதிர்த் திசையில் செல்கின்றன. முதற்பத்தாண்டில் வீழ்ச்சியெனக் கவலையுற்றது பெரும்பாலும் பகுதியின் வளர்ச்சி. இரண்டாம் பத்தாண்டில் நிகழ்ந்தது உண்மையான குறைவு. பாடத்திட்டத்தையும் இல்லச் சூழலையும் பற்றிப் பேசுவோர்க்கு இவ்வேறுபாடு சிறியதன்று.

ஆகவே நமது வரைபடத்தின் மேலே மூன்று பொத்தான்களை வைத்தோம்: விழுக்காடு, எண்ணிக்கை, குறியீட்டெண். ஒன்றை அழுத்தும்போது கோடு மெல்ல நகர்ந்து புதிய இடத்தை அடையும். அந்நகர்வே விளக்கத்தின் பாதி எனலாம். புள்ளியின் மீது சுட்டி நிற்கும்போது தோன்றும் சிறுபெட்டியில் மதிப்பு மட்டுமின்றி, அது எவருள் எத்தனை பேர் என்பதும், கணக்கெடுப்பா ஆய்வா என்பதும் இடம்பெறும். குறியீட்டெண்ணுக்குரிய அடிப்படை ஆண்டையும் வாசகரே மாற்றலாம். 2010ஐ அடிப்படையாகக் கொண்டால் அதன் பின் வந்த இறக்கமே முதலில் கண்ணில் படும். அடிப்படை ஆண்டைத் தேர்ந்து வாதத்தை வெல்லும் உத்தியை மாணவர் கண்கூடாக அறிய இது உதவும்.

தமிழில் பெயர் பொறிப்பதிலும் ஓர் இடர் உண்டு. நீண்ட பெயர்களை நிரல் இத்தனை எழுத்தென வெட்டும்போது, ஒருங்குறியின் அலகுகளையே எண்ணுகின்றது. ‘தமிழ்’ நமக்கு மூன்றெழுத்து, நிரலுக்கோ ஐந்து. நான்காவது அலகில் வெட்டினால் புள்ளியிழந்து ‘தமிழ’ என நிற்கும். உலாவிகள் இப்போது தரும் இன்டில்.செக்மென்டர் என்னும் வசதி எழுத்துகளை நாம் எண்ணுவதுபோலவே பிரித்துத் தரும். பெயர்களைத் தனிப் பெட்டியில் அடுக்காமல் கோட்டின் முனையிலேயே எழுதுவது இன்னும் நன்று. நிறங்களைப் பிரித்தறிய இயலாதோர்க்கும் அது பயன்படும். வரைபடத்தின் கீழே எண்களை அட்டவணையாகத் தருவதையும் தவிர்க்கலாகாது. சார்ட்.ஜேஎஸ் வரைவது படமாதலால், திரைவாசிப்புக் கருவி அதனுள்ளிருந்து எதனையும் படித்துக் காட்டாது.

எவ்வளவு பொத்தான்களை வைத்தாலும் கேட்கப்படாத வினாவுக்கு வரைபடம் விடை தராது. ‘மிகுதியாகப் பேசும் மொழி’ என்னும் வினா ஒரே விடையைத்தான் ஏற்கும். பாட்டியிடம் தமிழும் தம்பியிடம் ஆங்கிலமும் பேசும் பிள்ளை ஆங்கிலக் கோட்டில் மட்டும் சேர்ந்துவிடக்கூடும். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு வீட்டில் இரண்டாவதாக மிகுதியும் பேசும் மொழியையும் கேட்டது. அவ்விடைகளை நமது வரைபடத்தில் 2020க்கு நேராகத் தனியொரு புள்ளியாக இட்டுள்ளோம். ஒற்றைப் புள்ளியாதலால் அதனைக் கோடாக்கவில்லை.