வாடைக்கு முன்பே வளவைத் தயார் செய்வோம்

கச்சான் காற்று ஓய்ந்து, பின்னேரங்களில் வானம் கறுக்கத் தொடங்கும் காலம் இது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் நம் உறவினர்கள் இந்த நாட்களில் உறைபனிக்குப் பயந்து தோட்டத்தை ஒதுக்கி மூடி வைக்கிறார்கள். கிண்ணியாவில் நமக்கு உறைபனி இல்லை, தண்ணீர்தான் பயம். நமது வருடத்து மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையே பெய்கிறது. கோடை முழுவதும் ஒரு வாளி தண்ணீருக்கு ஏங்கிய கத்தரிச் செடி, மாரியில் வேரடியில் மூன்று நாள் தண்ணீர் தேங்கினாலே சோர்ந்து சாய்ந்துவிடும்.

மாரியில் கடல் கொந்தளிப்பதால் பல வீடுகளில் வருமானம் குறைகிறது. அதே நாட்களில் சந்தையில் மரக்கறி விலை ஏறுகிறது. அந்த நேரத்தில் வளவில் பறிக்கும் ஒரு பிடி கீரையும் நாலு வெண்டிக்காயும் பெரிய உதவி. அதற்கான வேலையை இப்போதே தொடங்க வேண்டும், சகோதரிகளே.

முதலில் தண்ணீருக்கு வழி

ஒரு வருடம் நானும் அவசரப்பட்டு, கிணற்றடிப் பள்ளத்தில் மிளகாய் நட்டேன். முதல் பெருமழையில் முழுவதும் அழுகிப் போயின. "தண்ணீர் போற வழியைப் பார்த்துட்டுத்தான் மகள் மண்வெட்டியைத் தொடணும்" என்றார் மூத்தம்மா. ஒரு மழை பெய்ததும் வளவைச் சுற்றி நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். தேங்கும் இடத்திலிருந்து சிறு வாய்க்கால் வெட்டுங்கள். அது கிணற்றுப் பக்கமோ அடுத்த வீட்டுக்காரரின் வாசலுக்கோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாத்தியும் நாற்றும்

கோடையில் நீர் நிற்கப் பள்ளப்பாத்தி போடுவோம். மாரிக்கு அது ஆகாது. ஏறக்குறைய ஒரு அடி உயரத்தில் மேட்டுப்பாத்தி போட வேண்டும். நமது மணற்பாங்கான நிலத்தில் பெருமழை பசளையையும் கழுவிக்கொண்டு போய்விடும். ஆகவே உக்கிய மாட்டெருவையும் கூட்டெருவையும் மண்ணுடன் நன்றாகக் கலந்து, மேலே சருகு அல்லது வைக்கோல் பரப்புங்கள். பசளையை ஒரே தடவையில் இடாமல் சிறிது சிறிதாக இடுங்கள்.

கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுகளை இப்போதே போட்டால் நாலைந்து வாரத்தில் நடலாம். நாற்றுமேடையில் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்த பின் விதைத்தால் நாற்றழுகல் குறையும். விதையை நெருக்கமாகத் தூவாதீர்கள். பெருமழையில் மேலே கிடுகுப் பந்தல் போடுங்கள். வெயில் வந்ததும் அகற்றிவிடுங்கள். வெண்டியையும் பயற்றையும் நேரடியாகப் பாத்தியில் ஊன்றலாம். தண்ணீர் நிற்கும் ஓரம் வீணாகாது. அங்கே கங்குனும் வல்லாரையும் நன்றாக வளரும்.

மரங்கள்

முருங்கைக் கொப்பு எளிதில் முறியும். உயர்ந்த கொப்புகளைக் காற்றுக்கு முன்பே வெட்டிவிடுங்கள். புதுத்தளிர் சுண்டலுக்கு ஆகும். குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுங்கள். பப்பாசி தேங்கும் நீரைத் தாங்காது. அடியில் மண் அணையுங்கள்.

சிரட்டையை மறவாதீர்கள்

2017ஆம் ஆண்டு கிண்ணியாவைத் துயரத்தில் ஆழ்த்திய டெங்குக் காய்ச்சலை நாம் மறக்க முடியாது. டெங்கு நுளம்பின் முட்டை, தண்ணீர் இல்லாமலே பாத்திரத்தின் ஓரத்தில் பல மாதம் ஒட்டியிருக்கும். மழைநீர் பட்டதும் பொரிக்கும். பின்பு ஒரு வாரம் பத்து நாளில் நுளம்பாகிப் பறக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. வாளி, பூச்சாடித் தட்டு ஆகியவற்றின் உட்புறத்தை உரசிக் கழுவ வேண்டும். சிரட்டை, டயர், தயிர்ச்சட்டி, யோகட் கோப்பை எதுவும் வெளியில் கிடக்கக்கூடாது. டயரில் செடி வைத்திருந்தால் விளிம்புவரை மண் நிரப்புங்கள். தோட்டம் கறிக்கு உதவவேண்டும்; பிள்ளைக்கு நோய் தரக்கூடாது.

ஒரு போத்தல் விதை

மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலுடன் சேர்கிறது. எனவே மலைநாட்டில் பெய்யும் மழையும் நம் பக்கம் வெள்ளமாக வரும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது திருகோணமலை மாவட்டமும் வெள்ளத்தில் தவித்தது. அப்படிப்பட்ட வெள்ளத்தை எந்த மேட்டுப்பாத்தியும் தடுக்காது. ஆனால் வெள்ளம் வடிந்த பின் மீண்டும் தொடங்க விதை வேண்டும். நன்றாக முற்றிய நாட்டு வெண்டி, பயற்றை, கத்தரி விதைகளைக் காயவைத்து, சிறிது சாம்பல் கலந்து, போத்தலில் இறுக மூடி, வீட்டின் உயரமான தட்டில் வையுங்கள். கலப்பின விதையில் வந்த காயிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடி போல் காய்க்காது. நாட்டு இனமே நல்லது.

இந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வளவில் இறங்குங்கள். அவர்கள் சிரட்டை பொறுக்கட்டும். நீங்கள் வாய்க்கால் வெட்டுங்கள். மழை வரும்போது நம் வளவு தயாராக இருக்கட்டும்.