காதுக்குக் கேட்காத குறி

ஆங்கில எழுத்திலே காதுக்குக் கேட்காத குறி ஒன்று உண்டு. எழுத்துகளின் தலைப்பக்கத்தில் ஒரு சிறு காற்புள்ளியைப் போலத் தொங்கி நிற்கும் அதனை அப்பொஸ்ற்றபி என்பர். இவ்வுரையில் அதனை மேற்குறி என்று வழங்குவோம். வாயினால் உச்சரிக்கப்படாத இக்குறியை இட்டால் என்ன, இடாது விட்டால் என்ன என்று கேட்போர் உளர். அவுஸ்திரேலியாவில் எழுந்த வழக்கொன்று அவர்களுக்கு விடை கூறும்.

2020ஆம் ஆண்டு, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஒருவர், வீடு விற்பனை முகவர் ஒருவரைப் பற்றி முகநூலில் ஒரு குறிப்பு எழுதினார். ஊழியருக்குரிய ஓய்வுகாலச் சேமிப்புப் பணத்தை அம்முகவர் செலுத்தவில்லை என்பது அதன் சாரம். ஊழியர் என்னும் ஆங்கிலச் சொல்லின் இறுதியில் எஸ் என்னும் எழுத்து இருந்தது, மேற்குறி இல்லை. குறி எஸ் எழுத்துக்கு முன்னே நின்றிருந்தால் ஊழியர் ஒருவருடைய பணம் என்றே பொருள்படும். குறியின்றி நின்றமையால், ஊழியர் பலருடைய பணம் என்று கொள்வதற்கு இடமுண்டாயிற்று. முகவர் மானநட்ட வழக்குத் தொடுத்தார். அதனைத் தொடக்கத்திலேயே தள்ளிவிட வேண்டுமென்று எழுதியவர் கேட்டார். 2021ஆம் ஆண்டு நீதிபதி அதற்கு இணங்கவில்லை. ஒருவருக்குப் பணம் செலுத்தாமை தவறுதலாக நேர்ந்திருக்கலாம். பலருக்குச் செலுத்தாமை வேண்டுமென்றே செய்ததாகத் தோன்றும் என்பது அவர் கண்ட வேறுபாடு. அக்குறிப்பு ஒரு நாள் கூட முகநூலில் நிற்கவில்லை. வழக்கோ மன்றத்தில் நின்றது.

இனி, இக்குறியின் தொழில் யாதெனப் பார்ப்போம். அதன் தொழில் இரண்டு. ஒன்று, எழுத்து மறைந்த இடத்தைக் காட்டுவது. டூ நொற் என்னும் இரு சொற்கள் டோன்ற் என ஒன்றாகும்போது, பின்னுள்ள சொல்லின் நடுவே நின்ற ஓ என்னும் எழுத்து மறைகின்றது. மறைந்த இடத்தில் மேற்குறி நிற்கும். மற்றொன்று, உடைமையைக் காட்டுவது. இதுவும் ஓர் எழுத்து மறைந்ததன் அடையாளமாகவே தோன்றியது. பழைய ஆங்கிலத்தில் பல பெயர்ச்சொற்கள் உடைமைப் பொருளில் ஈ, எஸ் என்னும் ஈரெழுத்துகளை இறுதியிற் பெற்றன. காலப்போக்கில் ஈ தேய்ந்து போக, அவ்விடத்தை மேற்குறி பிடித்துக்கொண்டது. வெறும் பன்மையைக் காட்டுவது இதன் தொழில் அன்று. விலைப்பலகைகளில் வாழைப்பழங்கள், தக்காளிகள் என்ற பொருளில் எழுதும் சொற்களுக்கு மேற்குறியிடும் பிழை இங்கிலாந்தில் மிகுதியாகக் காணப்பட்டமையால், அங்குள்ளோர் அதற்குக் காய்கறிக் கடைக்காரரின் மேற்குறி என்றே பெயரிட்டுவிட்டனர்.

தொழில் இரண்டேயாயின், பிழை ஏன் மலிகின்றது? செவி உதவாமையே காரணம். ரீச்சர்ஸ் என்ற ஒலி ஆங்கிலத்தில் ஒன்றுதான். எழுத்திலோ அது மூன்று வடிவம் கொள்ளும். இங்கேதான் தமிழர்க்கு ஒரு நற்பேறு உண்டு. ஆங்கிலச் செவி ஒன்றாகக் கேட்பதைத் தமிழ்ச் செவி மூன்றாகக் கேட்கும்: ஆசிரியர்கள், ஆசிரியருடைய, ஆசிரியர்களுடைய. ஆகவே ஐயம் எழும்போது அச்சொல்லைத் தமிழிற் சொல்லிப் பாருங்கள். ஆசிரியர்கள் என வந்தால் குறியே வேண்டா. ஆசிரியருடைய என வந்தால் எஸ் எழுத்துக்கு முன்னே குறி. ஆசிரியர்களுடைய என வந்தால் எஸ் எழுத்துக்குப் பின்னே குறி. குழந்தைகள் என்பதைக் குறிக்கும் சில்ட்ரன் போன்ற பன்மைகள் எஸ் எழுத்தில் முடிவதில்லை. அவற்றுக்கு முதலில் குறியும் பின்னர் எஸ் எழுத்தும் சேர்த்தல் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. தமிழில் நாம் ஆசிரியர் அறை என்று உருபை மறைத்தும் சொல்வோம். நம் இலக்கணம் அதனை ஆறாம் வேற்றுமைத் தொகை என்னும். சோதிக்கும்போது தொகையை விரித்து, ஆசிரியருடைய அறையா, ஆசிரியர்களுடைய அறையா என்று கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

மாற்றுப்பெயர்களில் நிலைமை வேறு. அவருடைய, நம்முடைய, அவர்களுடைய எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் மேற்குறி பெறா. அதனுடைய என்னும் பொருளுடைய இற்ஸ் என்பதும் அவ்வாறே. இற் இஸ், இற் ஹாஸ் என விரியும் இற்ஸ் மாத்திரமே குறி பெறும். இவ்விரண்டையும் மயங்குவோர் வெட்கப்பட வேண்டுவதில்லை. 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கில எழுத்தாளர் பலர், அதனுடைய என்ற பொருளிலும் குறியிட்டே எழுதினர். இன்றைய வழக்கு அதனை ஏற்பதில்லை.

ஒலியொத்த பிற சொற்களையும் தமிழ் எளிதிற் பிரித்துக்கொடுக்கும். தெயர் என்ற ஒலிக்கு மூன்று எழுத்து வடிவங்கள் உள்ளன. தமிழில் அவை அவர்களுடைய, அங்கே, அவர்கள் இருக்கின்றார்கள் என விலகி நிற்கும். பிரின்சிப்பல் என்ற ஒலி பாடசாலை அதிபரைக் குறிப்பின் ஏ, எல் என்று முடியும். கொள்கையைக் குறிப்பின் எல், ஈ என்று முடியும். ஸ்ரேஷனரி என்ற ஒலி அசையாது நிற்பதைக் குறிப்பின் ஏ எழுத்தையும், எழுதுதாள் முதலியவற்றைக் குறிப்பின் ஈ எழுத்தையும் ஈற்றயலசையில் ஏற்கும். பிரக்ரிஸ் என்பது பயிற்சி எனப் பெயராக வந்தால் பிரித்தானிய வழக்கில் சீ எழுத்தையும், பயில் என வினையாக வந்தால் எஸ் எழுத்தையும் பெறும். இச்சொற்களுள் எதனை மாற்றி எழுதினாலும், கணினியின் எழுத்துத் திருத்தி பல வேளைகளில் வாளாவிருக்கும். ஏனெனில், தவறான இடத்தில் நிற்பதும் சரியான ஒரு சொல்லே.

இடப்பெயர்களும் நிறுவனப் பெயர்களும் இவ்விதிகளுக்கு முற்றிலும் அடங்கா. இலண்டன் சுரங்க இரயில் பாதையில் ஏர்ள்ஸ் கோர்ட் என்னும் நிலையம் மேற்குறியுடன் எழுதப்படும். பிக்கடிலி வழியில் அதற்கு அடுத்துள்ள பாரன்ஸ் கோர்ட் குறியின்றி எழுதப்படும். வாட்டர்ஸ்ரோன்ஸ் என்னும் புத்தக நிறுவனம் 2012ஆம் ஆண்டு தன் பெயரிலிருந்து குறியை நீக்கிவிட்டது. பெயருக்குரியோர் எழுதுகின்றவாறே நாமும் எழுதுதல் முறை.

தொழில் வேண்டி விண்ணப்பம் எழுதும் இளைஞரை, அதனைப் படிக்கும் அதிகாரி முன்பின் அறியார். அந்த ஒரு தாளைக் கொண்டே அவர் மதிப்பிடுவார். ஆதலால் எழுதி முடித்தபின், எஸ் எழுத்தில் முடியும் சொற்களை மாத்திரம் தேடி, ஒவ்வொன்றையும் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு உறையில் இடுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும்.