கடல் புளித்தால் மலைக்கு என்ன?

கொஸ்லந்தைக்கு அருகே 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலுமவின் தண்ணீர் கிரிந்தி ஓயாவோடு கலந்து, லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்தைத் தாண்டி, தென்கிழக்குக் கரையில் கடலைச் சேர்கிறது. ஊவாத் தோட்டங்களில் பலருக்குக் கடல் என்பது சந்தையில் வாங்கும் நெத்தலிக் கருவாடுதான். ஆனாலும் கடலுக்கு வந்திருக்கும் நோயைத் தேயிலைத் தோட்டத்தாரால் சட்டென்று புரிந்துகொள்ள முடியும்.

தேயிலைக்குப் புளிப்பு மண் பிடிக்கும், பி.எச். 4.5 முதல் 5.5 வரை. உரம் போட்டுப் போட்டு மண் அதற்கும் கீழே இறங்கினால் டொலமைட் தூவிச் சரிசெய்வார்கள். கடலுக்கு அப்படித் தூவ முடியாது. நிலக்கரியும் பெற்றோலியமும் எரிக்கப்படுவதற்கு முன் காற்றில் பத்து இலட்சத்துக்கு 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. நாம் வெளியேற்றுவதில் ஏறக்குறைய கால்வாசியைக் கடல் உறிஞ்சுகிறது. அந்த வாயு நீரில் கரைந்து காபோனிக் அமிலமாகிறது. கடல் மேற்பரப்பின் பி.எச். 8.2இலிருந்து 8.1ஆக இறங்கியிருக்கிறது. சின்ன எண்தான், ஆனால் ஐதரசன் அயன்கள் சுமார் 30 சதவீதம் கூடிவிட்டன என்பது அதன் பொருள். சிப்பியும் நத்தையும் முருகைக்கல்லும் ஓடு கட்டத் தேடும் காபனேற்றை அந்த அயன்கள் பிடித்துக்கொள்கின்றன. ஓடு கட்டத் தொடங்கும் குஞ்சுப் பருவத்திலேயே அடி பலமாக விழுகிறது.

இதோடு வெப்பமும் சேர்கிறது. பூமியில் தேங்கும் மிகை வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடலுக்குள்தான் போகிறது. நீர் அளவுக்கு மீறிச் சூடானால் முருகை உயிரிகள் தமக்கு உணவூட்டும் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளிறிப்போகின்றன. சூடு வாரக்கணக்கில் நீடித்தால் பட்டினியில் மடிகின்றன. 1998இல் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் ரீஃபிலும் ஆழமற்ற நீரில் இருந்தவற்றில் பெரும்பகுதி அப்படித்தான் செத்தது. மெல்லத் தலைதூக்கியபோது 2016இன் வெளிறல் வந்தது. உலகளாவிய நான்காவது வெளிறல் நடப்பதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. மீன் குஞ்சுகள் ஒளிந்து வளரும் இடம் போனால், கரையோர மீனவரின் வலையும் வெறுமையாகும்.

அந்தச் சூடு மலைக்கும் ஏறி வருகிறது. வெப்பநிலை ஒரு பாகை கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். அது மழையாகக் கொட்டும்போது சரிவுகளில் மொத்தமாகக் கொட்டும். 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் லயங்களை விழுங்கிய மண்சரிவைக் காலநிலையின் கணக்கில் மட்டும் எழுதிவிடக் கூடாது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. மக்கள்தான் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றப்படவில்லை. காலநிலையின் கணக்கைப் பார்த்தாலும், இலங்கையர் ஒருவர் ஆண்டுக்கு வெளியேற்றும் காபனீரொட்சைட்டு சராசரியாக ஏறக்குறைய ஒரு தொன். உலகச் சராசரி நான்கு தொன்னுக்கும் மேல். லயத்து அறையில் வாழ்பவரின் பங்கு அந்த ஒரு தொன்னுக்கும் குறைவாகவே இருக்கும். சூடேறும் கடல் இன்னும் கனத்த மழையை அனுப்பப்போகிறது என்று தெரிந்த பிறகும், அபாயச் சரிவுகளில் இருக்கும் குடும்பங்களுக்கு உறுதியான காணியும் வீடும் தராமல் இழுத்தடிப்பதற்கு அரசுக்கும் தோட்ட நிர்வாகங்களுக்கும் எந்த நியாயமும் இல்லை.