பழைய டப்பாவும் புயல் விளக்கும்

தஞ்சை ஜில்லாவில் பிறந்தவர்களுக்குப் புயல் புதிதன்று. 1952-ம் வருஷத்துப் புயலைப் பற்றிப் பாட்டனார் சொல்லக் கேட்டோம். 1977-ம் வருஷத்துப் புயலைப் பற்றித் தாயார் சொல்லக் கேட்டோம். 2018-ம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி விடியுமுன், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய 'கஜா'வையோ நாமே கண்ணால் கண்டோம். பொழுது விடிந்து பார்த்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் அறுவடையான வயல்போலப் படுத்துக் கிடந்தன. லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்தன. அன்று மாலை கிராமங்களில் குடிபுகுந்த இருட்டு, சில ஊர்களை விட்டு நீங்க வாரக்கணக்காயிற்று.

முதல் இரண்டு நாள் கைப்பேசி வெளிச்சமும் பாட்டரி விளக்கும் கைகொடுத்தன. பிறகு அவையும் கண்ணை மூடின. எல்லோரும் மெழுகுவர்த்தியைத் தேடிப் புறப்பட்டார்கள். ஐந்து ரூபாய் வர்த்தி பத்து ரூபாய் கொடுத்தாலும் அகப்படாத காலமும் வந்தது. அகப்பட்ட வர்த்தியையாவது நிம்மதியாக எரிய விட்டதா காற்று? திண்ணையில் வைத்தால் அணைந்தது. வாசலில் வைத்தால் ஒரு பக்கமாக உருகி அரைமணியில் தீர்ந்தது.

அணைந்து போனாலாவது கவலையில்லை. சாய்ந்து விழுந்தால் என்ன ஆகும்? அடுத்த தெருவில் ஒரு வீட்டார், கீற்றுச் சரிந்த கொல்லைத் தாழ்வாரத்தில், கவிழ்த்த தம்ளரின்மேல் மெழுகுவர்த்தியை ஒட்டி வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனார்கள். காற்றில் வர்த்தி சாய்ந்தது. கீழே கிடந்த பாய் பற்றிக்கொண்டது. குடத்துத் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபடியால், நஷ்டம் பாயோடு போயிற்று. புயல் விட்டுவைத்த வீட்டை ஒரு மெழுகுவர்த்தி கொண்டுபோயிருக்கும். அன்றிரவுதான், இந்த வர்த்திக்கு ஒரு கூண்டு செய்தாக வேண்டுமென்று தீர்மானித்தோம்.

கடையில் வாங்கக் கூண்டு இல்லை. இருந்தாலும் வாங்கப் பணம் இல்லாத சமயம். ஆனால், கொல்லையில் வீசியெறிந்த பால்பவுடர் டப்பாக்களும், பரண்மேல் தூங்கிய பாட்டில்களும் ஏராளமாயிருந்தன. தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினோம். எதிர்வீட்டுப் பாட்டியம்மாள் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏன் தம்பி, விளக்கைக் கொண்டுபோய் டப்பாவிலே அடைக்கிறியே, அது மூச்சு விட வேண்டாமா?" என்றார்.

"நல்ல கேள்வி கேட்டீர்கள், பாட்டி!" என்றோம். விளக்குச் சாஸ்திரம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. மைக்கேல் ஃபாரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி, 1860-ம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் நகரத்துப் பிள்ளைகளுக்கு மெழுகுவர்த்தி ஒன்றைப் பற்றியே ஆறு பிரசங்கங்கள் செய்தார். உருகிய மெழுகு திரி வழியே ஏறி, ஆவியாகி, அந்த ஆவியே எரிகிறது. சூடேறிய காற்று மேலே போகப் போக, புதுக் காற்று அடியிலிருந்து வந்தாக வேண்டும். வராவிட்டால் சுடர் மங்கிக் கரி கக்கும், பிறகு அணைந்துவிடும். ஆகவே, வீசுகின்ற காற்றைத் தடுக்கவும் வேண்டும். எரிவதற்கான காற்றை விடவும் வேண்டும். அரிக்கேன் விளக்கின் அடியில் துவாரங்களும் மேலே திறப்பும் வைத்ததன் மர்மம் இதுவே.

முதலாவது, டப்பாக் கூண்டு. ஆறு அங்குல உயரமுள்ள தகர டப்பா ஒன்றை எடுத்து, மூடியை நீக்கி, நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். வெறும் டப்பாவில் ஆணி அடித்தால் தகரம் நசுங்கும். ஆதலால் ஈர மணலை வாய்வரை கெட்டியாக இட்டு நிரப்பிவிட்டு அடிக்க வேண்டும். அடியிலிருந்து ஒன்றரை அங்குலம் விட்டு, சுற்றிலும் எட்டுப் பத்துத் துவாரங்கள் போடுங்கள். பெரிய துவாரம் வேண்டாம், காற்று பாய்ந்துவிடும். விளிம்புக்குக் கீழே எதிரெதிராக இரண்டு துவாரங்கள் போட்டு, கட்டுக்கம்பியால் ஒரு முழ உயரத்துக்கு வளைவான பிடி கட்டுங்கள். தகரம் கொதிக்குமாகையால் பிடி உயரமாயிருப்பதே நலம். பிறகு ஈர மணலைக் கொட்டிவிட்டு, உட்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் தகரப் பிசிறுகளைச் சுத்தியால் தட்டிவிடுங்கள்; இல்லாவிடில் குழந்தைகள் விரல் போகும். அடியில் ஓர் அங்குலம் உலர்ந்த மணலிட்டு, மூன்றங்குல வர்த்தியை அதில் ஊன்றினால் கூண்டு தயார். மணல்மட்டம் துவாரங்களுக்குக் கீழேயே இருக்க வேண்டும்.

இரண்டாவது, பாட்டில் கூண்டு. ஹார்லிக்ஸ் பாட்டில் போன்ற அகன்ற வாயுள்ளது உத்தமம். குறுகிய வாயுள்ளதில் பாட்டியம்மாள் சொன்னபடி விளக்குக்கு மூச்சு முட்டும். ஈரமில்லாமல் துடைத்து, இரண்டங்குலம் உலர்ந்த ஆற்றுமணல் போட்டு, குட்டையான வர்த்தியை நடுவில் ஊன்றுங்கள். தீக்குச்சி எட்டாது, தென்னை ஈர்க்கைப் பற்ற வைத்து ஏற்றலாம். வர்த்தி தீர்ந்தாலும் மணல் இருப்பதால் அடிக்கண்ணாடி சூட்டில் விரியாது. ஆனால் சூடான கண்ணாடியில் மழைத்தூறல் பட்டால் விரிந்துவிடும். ஆகையால் இது திண்ணைக்கே ஏற்றது, முற்றத்துக்கு ஏற்றதன்று.

மூன்றாவதுக்குக் காசும் வேண்டாம், ஆணியும் வேண்டாம். சாய்ந்த வாழைமரத்தில் ஒரு சாண் துண்டு வெட்டி நிமிர்த்தி வைத்து, நடுவில் குடைந்து வர்த்தியை நிறுத்தினால், பச்சை மட்டையில் தீப் பற்றாது. இரண்டொரு நாள் தாங்கும். கொட்டாங்கச்சியும் உபயோகப்படும்; ஆனால் அது அடுப்பெரிக்கிற சாமான் என்பதை மறக்கலாகாது. உட்புறம் அரை அங்குலக் கனம் களிமண் பூசிக் காயவைத்த பிறகே அதில் வர்த்தி வைக்க வேண்டும். இவை இரண்டும் காற்றைத் தடுக்கமாட்டா; விளக்கு மாடத்தில் வைப்பதற்குரியவை.

இனி, செய்யத் தகாதவை. பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டிக் கூண்டாக்கலாகாது, உருகிப் பற்றிக்கொள்ளும். வயலுக்குப் பூச்சிமருந்து வந்த டப்பாவையும், வர்ணம் வந்த டப்பாவையும் எத்தனை முறை கழுவினாலும் தொட வேண்டாம். கீற்றுக்கும் தார்ப்பாய்க்கும் அடியில் எந்த விளக்கையும் தொங்கவிட வேண்டாம். படுக்கப் போகுமுன் அணைத்துவிட வேண்டும். ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

உருகி வழிந்த மெழுகை எறிந்துவிடுகிறோமே, அதுவும் காசுதான். அதைச் சேர்த்து ஒரு சிறு டப்பாவில் போட்டு, அந்த டப்பாவைக் கொதிக்கும் நீருள்ள பாத்திரத்தில் வைத்து உருக்குங்கள். நேராக அடுப்பில் ஏற்றினால் மெழுகே தீப்பிடிக்கும். பருத்தி நூலை முறுக்கித் திரியாக நிறுத்தி வார்த்தால், மறுபடி ஒரு வர்த்தி.

வெளிச்சத்துக்குக் கணக்குப் பார்ப்பது நம் நாட்டில் இழிவாக எண்ணப்பட்டதில்லை. தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகளைப் பாருங்கள். ராஜராஜன் காலத்தில் ஒரு திருவிளக்கு எரிய 96 ஆடுகள் விடப்பட்டன. நாள் ஒன்றுக்கு உழக்கு நெய் அளக்க வேண்டுமென்று கல்லிலேயே பொறித்தார்கள். தஞ்சாவூரில் 1892-ம் வருஷம் பிறந்த ஸ்ரீ ஜே. ஸி. குமரப்பா, லண்டனிலும் அமெரிக்காவிலும் படித்துத் திரும்பியவர். 1934-ம் வருஷம் காந்தியடிகள் நிறுவிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை அவர் நடத்தினார். வார்தாவிலிருந்த அச்சங்கத்தார், மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' என்ற விளக்கை உருவாக்கினார்கள். கிராமத்தான் வீட்டு வெளிச்சம் கிராமத்தான் கைக்குள் இருக்க வேண்டுமென்பதே அதன் கருத்து. நமது டப்பாக் கூண்டும் அந்த வழியில் வந்த ஓர் ஏழை உறவுதான்.

அந்த வருஷம் நவம்பர் 23-ந் தேதி, புயலடித்து எட்டாம் நாள், திருக்கார்த்திகை வந்தது. அகல் வாங்கவும் எண்ணெய் வாங்கவும் யாருக்கும் மனமில்லை. மாலையில் பிள்ளைகள் வீட்டுக்கொரு டப்பாக் கூண்டாகத் திண்ணைகளில் வைத்தார்கள். காற்று வீசியது, ஒன்றும் அணையவில்லை. துவாரங்களின் வழியே வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தரையில் விழுந்தது. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அந்த வெளிச்சத்திலேயே புஸ்தகத்தை எடுத்து உட்கார்ந்தான். பாட்டியம்மாள் தம் வாசல் டப்பாவின்மேல் எட்ட நின்று கைநீட்டிப் பார்த்து, "மூச்சு நல்லாத்தான் விடுது!" என்றார்.

ஐப்பசி, கார்த்திகை வருஷந்தோறும் வருகின்றன; புயலும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. மழைக்காலத்துக்கு முன்னதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தைகளோடு உட்கார்ந்து வீட்டுக்கு இரண்டு கூண்டுகள் செய்து பரணில் வைத்துக்கொள்ளும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அவை உபயோகப்படாமலேயே இருந்தால் மிகவும் சந்தோஷம்.