பட்டை வில் மாற்றியபின் எழும் அதிர்வு

கல்கத்தாவையடுத்த உத்தரபாராவில் 2014 வரை உருவான அம்பாஸடர் வண்டியை இன்றும் பேணுவோர் உளர். பின்புறப் பட்டை வில்களை மாற்றியதும் அதில் புதிதாக அதிர்வு எழுமாயின், சக்கரத்தையே முதலில் ஐயுறுகிறோம். பட்டறையிலும் அதைச் சமன்செய்து கூலி பெற்றுவிடுவர். அதிர்வு மட்டும் போகாது.

வெறிச்சோடிய நேர்ச்சாலையில், அதிர்வெழும் வேகத்தில், கியரை நியூட்ரலுக்குக் கொணர்வோம். அப்போதும் அது நீடிப்பின் எஞ்சின்மேல் பழியில்லை. சக்கரத்தின் அதிர்வு மெதுவான குலுக்கல். பன்மடங்கு விரைந்து சுழலும் பிரொப்பெல்லர் ஷாப்டின் அதிர்வோ ரீங்காரம் போன்றது.

ஷாப்டின் இருமுனை யுனிவர்சல் ஜாயின்டுகளின் கோணங்களும் ஏறத்தாழச் சமமாயிருத்தல் வேண்டும். வில்லின்மீது அச்சு சரியாக அமராவிடில் டிபரன்ஷியலின் மூக்கு ஏறியோ இறங்கியோ நிற்கும். ஷாப்டு சுற்றுக்கு இருமுறை அதிரும். நாளடைவில் ஜாயின்டே தேய்ந்து முறியவுங்கூடும். கோணத்தை வண்டி தன் சக்கரங்களில் நிற்கையிலேயே அளக்க வேண்டும். உடலை ஜாக்கியில் தூக்கினால் அச்சு தொங்கி அளவு பொய்க்கும்.