துயர நதிகள்: மஞ்சள் ஆறும் கோசியும்

ஆற்றின் வலிமையை நாம் பெரும்பாலும் அதில் ஓடும் நீரின் அளவைக் கொண்டே மதிப்பிடுகிறோம். அவ்வாறு பார்த்தால் அமேசானுக்கு இணை வேறில்லை. உலகத்து ஆறுகள் அனைத்தும் கடலில் சேர்க்கும் நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்த ஓர் ஆற்றின் வழியே செல்கிறது. ஆப்பிரிக்காவின் காங்கோ ஆறோ சில இடங்களில் 200 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. எனினும், மனித உயிர்களைப் பெருமளவில் பலிகொண்ட ஆறுகளின் வரிசையில் முதலில் நிற்பது சீனாவின் மஞ்சள் ஆறு. நம் நாட்டில் அதற்கு உடன்பிறப்பு எனத் தக்கது பீகாரில் பாயும் கோசி. முன்னது 'சீனாவின் துயரம்' என்றும், பின்னது 'பீகாரின் துயரம்' என்றும் அழைக்கப்படுகின்றன. இவ்விரண்டையும் ஆபத்தானவை ஆக்குவது நீர் மட்டுமன்று. அந்நீர் சுமந்து வரும் மண்.

மண் செய்யும் மாயம்

மலைச்சரிவில் விரைந்து இறங்கும் நீர் மண்ணையும் மணலையும் எளிதாகச் சுமந்து வருகிறது. சமவெளியை அடைந்ததும் வேகம் தணிகிறது. சுமை படுகையில் தங்குகிறது. ஆண்டுக்காண்டு படுகை உயர, ஆறு தன் இடத்தை விட்டுத் தாழ்வான வேறு பாதையைத் தேடுகிறது. கரை கட்டப்படாத காலத்தில் இந்த வண்டல் பரந்த வெளியில் படிந்து வயல்களுக்கு உரமாயிற்று. இருபுறமும் கரை எழுப்பியபின், அது கரைகளுக்கு இடையிலேயே குவிகிறது. படுகை உயர்ந்தால் கரையையும் உயர்த்த வேண்டும். கரை உயர்ந்தால், அது உடையும் நாளில் நேரும் அழிவும் பெரிதாகும்.

தரைக்கு மேலே ஓடும் ஆறு

மஞ்சள் ஆறு, காற்று கொண்டுவந்து குவித்த மெல்லிய மஞ்சள் மண்ணாலான பீடபூமியை அரித்துக்கொண்டு வருகிறது. முற்காலத்தில் ஆண்டொன்றுக்குச் சுமார் 160 கோடி டன் வண்டலை அது சுமந்ததாகக் கணக்கிடப்பட்டுள்ளது. இதன் விளைவாக, கைஃபெங் நகரின் அருகே ஆற்றின் படுகை சுற்றியுள்ள நிலத்தைவிடப் பல மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1855-இல் கரையை உடைத்துத் திசை மாறிய இந்த ஆறு, ஷாண்டோங் தீபகற்பத்தின் தெற்கே கடலில் கலப்பதை விட்டு வடக்கே கலக்கத் தொடங்கியது. 1887 வெள்ளத்தில் மாண்டோர் ஒன்பது லட்சம் பேர் இருக்கலாம் என்பது மதிப்பீடு. 1938-இல் ஜப்பானியப் படையைத் தடுப்பதற்காகச் சீன அரசே ஹுவாயுவான்கோவில் கரையை உடைத்தது. பல லட்சம் மக்கள் உயிரிழந்தனர். 1947-இல்தான் ஆறு பழைய பாதைக்குத் திருப்பப்பட்டது.

கைவிட்ட பாதைக்குத் திரும்பிய கோசி

எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா ஆகிய சிகரங்களின் பனிநீரையும் கொண்டுவரும் கோசி, நேபாளத்தின் சத்ரா என்னுமிடத்தில் மலையை விட்டு இறங்குகிறது. சுமார் இருநூற்றைம்பது ஆண்டுகளில் அது கிழக்கிலிருந்து மேற்காக ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நகர்ந்துவிட்டது. 1954-இல் இந்தியாவும் நேபாளமும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, இருபுறமும் கரைகளும் பீம்நகர் அருகே ஒரு கதவணையும் அமைக்கப்பட்டன.

2008 ஆகஸ்ட் 18 அன்று, கதவணைக்கு மேற்புறம் நேபாளத்தின் குசஹாவில் கிழக்குக் கரை உடைந்தது. அன்று ஆற்றில் பெருவெள்ளம் இருந்தது என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. வினாடிக்கு ஒன்பதரை லட்சம் கனஅடி நீரைத் தாங்குமாறு வடிவமைக்கப்பட்ட அமைப்பில், அன்று ஓடியது சுமார் ஒன்றரை லட்சம் கனஅடியே. அரிக்கப்பட்ட கரை அதையும் தாங்கவில்லை. வெளியேறிய ஆறு, தான் எப்போதோ கைவிட்ட பழைய பாதையில் பாய்ந்தது. அங்கே அதற்குள் ஊர்கள் எழுந்திருந்தன, வயல்கள் விளைந்திருந்தன. கரை இருக்கிறது என்ற நம்பிக்கையில் வாழ்ந்த சுபௌல், மதேபுரா, அரரியா உள்ளிட்ட மாவட்டங்களில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். சில மாதங்களில் உடைப்பு அடைக்கப்பட்டது. ஆனால் பல வயல்களின் மேல் ஆறு விட்டுச் சென்ற மணல் அங்கேயே கிடந்தது. பத்திரம் கையில் இருந்தது. உழுவதற்கு நிலம் இல்லை.

கரையின் எல்லை

கரை தேவையற்றது என்று நாம் கூறவில்லை. கரை வெள்ளத்தை ஒழிப்பதில்லை, தள்ளிப்போடுகிறது என்பதையே இவ்விரு ஆறுகளும் உணர்த்துகின்றன. தள்ளிப்போட்ட கடனுக்கு வட்டி ஏறுவதுபோல், படுகையில் மண் ஏறுகிறது. இதை உணர்ந்த சீனா, மஞ்சள் பீடபூமியின் சரிவுகளில் மரமும் புல்லும் வளர்த்தது. படிக்கட்டு வயல்கள் அமைத்தது. ஷியாவ்லாங்தி அணையிலிருந்து 2002 முதல் நீரை விசையுடன் திறந்து வண்டலைக் கடலுக்குத் தள்ளிவருகிறது. இன்று அந்த ஆறு சுமக்கும் மண் முன்னிருந்ததில் நான்கில் ஒரு பங்கினும் குறைவு. இமயமலையோ இளமையான மலை. அதன் சரிவுகள் இடையறாது சரிந்துகொண்டிருப்பவை. ஆதலால் கோசிக்குத் தீர்வு அத்துணை எளிதன்று.

நாம் செய்யத்தக்கவை சில உண்டு. ஆற்றை ஒட்டி மனையோ வயலோ வாங்குமுன், அந்நிலத்தில் முன்பு ஆறு ஓடியதா, வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என ஊர்ப் பெரியவர்களிடமும் பழைய நில வரைபடங்களிலும் விசாரித்தறிவது முதற்கடமை. வீட்டுக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் அடங்குமா என்பதைப் படித்தறிவது இரண்டாவது. ஆவணங்களின் நகல்களை வேறோர் இடத்தில் வைப்பதும், மத்திய நீர் ஆணையத்தின் வெள்ள முன்னறிவிப்புகளைப் பொருட்படுத்துவதும் அடுத்தவை. ஆறு தன் பழைய பாதையை மறப்பதில்லை. அதன் அருகே வாழும் நாமும் அதை மறவாதிருப்பதே நமக்குப் பாதுகாப்பு.